பெயரறியார் பயிரறியார்

பெயர் என்பது பொருளின்மேல் ஒட்டிய வெறுஞ்சீட்டன்று. ஒரு பொருளைப் பிற பொருளினின்று பிரித்துக் காட்டும் அறிவு அது. வேம்பையும் மலைவேம்பையும் பிரித்தறிந்தவனே அவ்விரண்டிற்கும் இரு பெயர் வைத்தான். பிரித்தறியாதவன் இரண்டையும் மரம் என்று சொல்லிக் கடந்து போனான். ஒரு மொழியில் பெயர்கள் குறைந்துகொண்டே வருமாயின், அம்மொழி பேசுவோரின் கண்ணும் மங்கிக்கொண்டே வருகின்றது என்பதே அதன் பொருள்.

வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரி ஊரறிந்த காய். காம்பிலும் தண்டிலும் முள்ளுடைய அக்காய்க்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பிறர் எடுத்தாளாதவாறு காயின் பெயருக்குக் காவல் வந்துவிட்டது. நன்று. ஆனால், அக்காயைத் தாங்கும் செடியின் இலையைப் புரட்டிப் பார்ப்பார் எத்துணைப் பேர்? அங்கே, துவரம்பருப்பைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற சிறு வண்டுகள் அமர்ந்திருக்கும். சில இலையைச் சுரண்டித் தின்னும். சில, இலையின் சாற்றை உறிஞ்சும் செடிப்பேனைத் தின்னும். முன்னது பகை, பின்னது நட்பு. இரண்டும் புள்ளியுடையவை, இரண்டும் ஒரே குடும்பத்தவை. ஊரார்க்கோ இரண்டும் 'பூச்சி' என்னும் ஒரு பெயருக்குள் அடங்கிப் போயின. பெயர் ஒன்றானமையால் தீர்ப்பும் ஒன்றாயிற்று: தெளிப்பானை எடுத்து நஞ்சைத் தெளி! பகையோடு நட்பும் மடிகின்றது. செடிப்பேனோ விரைந்து பெருகுவது. தன்னைத் தின்னும் வண்டு இல்லாத தோட்டத்தில் அதுவே முதலில் மீண்டு வருகின்றது. மறுபடியும் நஞ்சு, மறுபடியும் கடன்.

இஃது உழவன் குற்றமா? அன்று. அவனுக்கு எழுதப்படும் துண்டறிக்கைகள் இலைதின்னும் வண்டை 'எபிலாக்னா' என்றும், நன்மை செய்யும் வண்டைக் 'காக்சினெல்லிட்' என்றும் எழுத்துப் பெயர்த்துத் தருகின்றன. எழுத்து தமிழ், சொல் தமிழன்று. அணைக்கட்டுப் பக்கத்து உழவர் ஒருவர் அவ்விரு சொற்களினின்று எந்த வேற்றுமையை உணர்ந்துகொள்வார்? எது தின்னும், எதைத் தின்னும் என்பதில் ஒன்றையேனும் அச்சொற்கள் அவர்க்குச் சொல்லுமா?

அயன்மொழிப் பெயர்கள் அவற்றை வழங்குவோர்க்குப் பொருள் தருகின்றன என்பதை இங்கு நினைதல் வேண்டும். ஆங்கிலரும் செருமானியரும் இவ்வண்டைக் கன்னி மரியாளின் பெயரால் அழைத்தனர். அஃது அவர்தம் சமய வழக்கு. இலின்னேயசு 1758-இல் இதற்கு வைத்த 'கொக்கினெல்லா' என்னும் பெயர் செந்நிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. கத்தரியிலையைத் தின்னும் வண்டிற்குப் பெப்ரீசியசு என்னும் தேனிய நாட்டு அறிஞர் 1775-இல் வைத்த இலத்தீன் பெயரின் பொருள் 'இருபத்தெட்டுப் புள்ளியுடையது' என்பதே. கண்ணிற் கண்டதைத் தம் கல்வி மொழியில் அவர் வெளிப்படையாகச் சொன்னார்; அவ்வளவே. அதே பெயர் கொண்ட பிறிதொரு பெப்ரீசியசு சென்னை வேப்பேரியில் அமர்ந்து, தமிழ்ச்சொற்களைத் தொகுத்து 1779-இல் அகரமுதலி வெளியிட்டார். இருவரும் வேறு வேறு மாந்தர். ஒருவர் பூச்சியைத் தேடிப் பெயர் வைத்தார். மற்றவர் தமிழரின் பெயர்களைத் தேடித் தொகுத்தார். தமிழ்நாட்டில் இவ்விரு பணியும் ஒருங்கு சேர்வது எந்நாள்?

நல்வினையாக, இக்குடும்பத்திற்கு அழகிய தமிழ்ப்பெயர் ஒன்று முன்னரே வழக்கில் உள்ளது: பொறிவண்டு. பொறி என்பது புள்ளி. பாம்பின் படத்துப் புள்ளியையும் பொறி என்பது பழந்தமிழ் வழக்கு. ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்துப் 'பெண்வண்டு' என்பார் சிலர். அஃது ஆண்வண்டு யாது என்னும் நகைப்பிற்கே இடந்தரும். பொறிவண்டு என்பது உடலைப் பார்த்து வைத்த பெயர். அதனை முதலாகக் கொண்டு அக்குடும்பத்தை விரித்துக் காண்க.

வண்டுகள் அனைத்தும் சேர்ந்த பெரும்பிரிவிற்கு அறிவியலார் வழங்கும் பெயர், பழங்கிரேக்கத்தில் அரிசுட்டாட்டில் ஆண்ட சொல்லினின்று வந்தது. 'உறைபோன்ற சிறகுடையது' என்பது அதன் பொருள். உறைச்சிறகி எனத் தமிழில் எளிதிற் சொல்லலாம். முன்னிணைச் சிறகுகள் தடித்து ஓடாகிப் பின்னிணைச் சிறகுகளை வாள் தங்கும் உறைபோல் மூடிக்காக்கும். பறக்கும்போது ஓடு இரண்டாகத் திறக்க, உள்ளே மடிந்திருந்த மென்சிறகு விரியும். இப்பெரும்பிரிவில் இதுவரை விளக்கப்பட்ட வகைகள் ஏறத்தாழ 4,00,000. விலங்குலகில் இதனினும் பெரிய பிரிவு வேறில்லை. அதனுள் பொறிவண்டுக் குடும்பம் ஏறத்தாழ 6,000 வகைகளைக் கொண்டது. அதனைத் தனிக் குடும்பமாக 1807-இல் வகுத்தவர் இலாத்திரேயில் என்னும் பிரெஞ்சு அறிஞர்.

பொறிவண்டை அறிய உதவும் உறுப்புகள் நான்கு. ஒன்று, வடிவு: மேலே குவிந்தும் கீழே தட்டையாகவும் அமைந்த அரைக்கோளம், தலையின் பெரும்பகுதி முன்மார்புத் தகட்டின்கீழ் ஒடுங்கியிருக்கும். இரண்டு, உணர்கொம்பு: குறுகியது, நுனியில் கதைபோல் தடித்தது. மூன்று, வாய்ப்புறத்து உணர்விரல்: அதன் கடைக்கணு கோடரியின் அலகுபோல் அகன்றிருக்கும். நான்கு, பாதம்: பார்வைக்கு மூன்று கணுவே தோன்றும், உண்மையில் நான்கு. மூன்றாங்கணு மிகச்சிறியதாகி இரண்டாங்கணுவின் பிளவில் மறைந்து கிடக்கும். பிரெஞ்சு அறிஞர் முல்சாந்து 1850-இல் இக்குடும்பம் பற்றி எழுதிய பெருநூலின் தலைப்பிலேயே இவற்றை முக்கணுவும் கோடரி உணர்விரலும் உடைய வண்டுகள் என்று குறித்தார். அறிவுடையார் பெயரிடும் முறை இதுவே.

இவ்வுறுப்புகளை அறிந்தால் ஒத்த தோற்றத்தால் ஏமாறுதல் இல்லை. வள்ளிக்கிழங்கின் கொடியில் ஆமையோடு போன்ற வண்டு ஒன்று காணப்படும். குவிந்த வடிவால் அதுவும் பொறிவண்டு போலவே தோன்றும். ஆனால் அதன் பாதத்தில் நான்கு கணுக்கள் தெரியும், உணர்கொம்பும் நீண்டிருக்கும். அஃது இலைவண்டுக் குடும்பத்தது. பொறிவண்டின் உண்மையான நெருங்கிய உறவுகளோ பட்டைக்கடியிலும் மக்கிய இலையிலும் வாழ்ந்து பூஞ்சணம் தின்னும் சிறு வண்டுகள். தோற்றம் ஒன்று, உறவு வேறு.

இனிப் பொறிவண்டுக் குடும்பத்துள் பகையையும் நட்பையும் பிரிப்பது எவ்வாறு? புள்ளியை எண்ணிப் பிரிக்கலாம் என்பர் சிலர். அது தவறு. ஒரே வகையிலும் புள்ளிகள் கூடும், குறையும், ஒன்றோடொன்று சேரும். புள்ளி எத்தனையோ அத்தனை அகவை என்பதும் கதையே. பிரித்துக் காட்டுவன மயிரும் தாடையும் புழுவும் ஆகும்.

இலைதின்னும் பொறிவண்டின் முதுகு மங்கலாகத் தோன்றும். சாய்ந்த வெயிலில் உற்றுநோக்கினால் நுண்மயிர் போர்த்திருப்பது தெரியும். செடிப்பேனைத் தின்னும் வண்டுகளிற் பெரும்பாலானவற்றின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். முன்னதன் தாடையில் இலையைச் சுரண்டுதற்கேற்ற பற்கள் பல. பின்னதன் தாடை இரையைப் பற்றிக் கிழித்தற்கேற்பக் கூர்ந்த நுனியும் அடியில் ஒரு பல்லும் உடையது. புழுக்களில் இவ்வேற்றுமை இன்னும் தெளிவு. இலைதின்னியின் புழு மஞ்சள் நிறத்தது. உடல் முழுதும் கிளைத்த முட்கள் நிற்கும். இலையின் அடிப்புறத்தில் பச்சையத்தைச் சுரண்டி, நரம்பை மட்டும் விட்டு, இலையைச் சல்லடையாக்கும். நட்பு வண்டின் புழுவோ பெரும்பாலும் கருமை நிறத்தது. நீண்டு ஒடுங்கி, குட்டி முதலைபோல் ஊர்ந்து திரிந்து பேனைத் தேடும். வேலூர்ப் பக்கத்துத் தட்டைப்பயற்றிலும் நிலக்கடலையிலும் செடிப்பேன் மொய்க்கும்போது, மஞ்சள் முதுகில் கருநிற வளைகோடுகள் ஓடும் வண்டொன்று வந்து சேரும். அதனை வளைவரிப் பொறிவண்டு எனலாம்.

இக்குடும்பத்தின் உணவு இரண்டோடு முடிவதில்லை. மல்பெரி இலையில் வெண்பொடியாய்ப் படியும் சாம்பல் நோயை உணவாகக் கொள்ளும் மஞ்சள் வண்டும் இதில் உண்டு. மாவுப்பூச்சியைத் தின்னும் வண்டொன்று 1898-இல் ஆத்திரேலியாவினின்று இந்தியாவிற்குக் கொணரப்பட்டுத் தென்னாட்டில் நிலைத்துவிட்டது. அதன் புழு வெண்மெழுகு போர்த்துக்கொண்டு மாவுப்பூச்சி போலவே காட்சி தரும். பெயரும் வேற்றுமையும் அறியாதவன் தன் காவலனையே பகைவன் என்று நசுக்கிவிடுவான்.

அறிவியலாரின் வகைப்பாடும் ஓரிடத்தில் நின்றுவிடவில்லை. 1840-களில் இரெட்டன்பாக்கர் என்பவர் இக்குடும்பத்தைச் செடி தின்பன, பூச்சி தின்பன என இரண்டாகப் பகுத்தார். 1968-இல் சப்பானிய அறிஞர் சசாசி அதனை ஆறு துணைக்குடும்பங்களாக்கினார். 2007-இல் சிலிப்பின்சுக்கி அதனை இரண்டாகச் சுருக்கி, இலைதின்னிகளைத் தனித் துணைக்குடும்பம் என்னும் நிலையினின்று இறக்கி, பூச்சிதின்னிகள் உள்ள பெருங்கிளைக்குள்ளேயே சேர்த்தார். 2015-இல் மரபணு ஆய்வின் வழியே, பொறிவண்டையும் அதன் பூஞ்சணந்தின்னி உறவுகளையும் சேர்த்துத் தனிப்பெருங்குடும்பம் வகுக்கப்பட்டது. உணவினால் எதிரெதிர் நிற்பவை குருதியால் ஒரு கிளை என்பதே இற்றை முடிபு. வயலிற் பிரித்தறிய ஒரு பெயரும், உறவை அறிய ஒரு பெயரும் வேண்டும் என்பதை இது காட்டுகின்றது. தமிழோ இரண்டையும் ஒரே தொடரில் தரவல்லது: இலைதின்னிப் பொறிவண்டு, பேன்தின்னிப் பொறிவண்டு, பூஞ்சணந்தின்னிப் பொறிவண்டு. பின்சொல் குடும்பத்தைச் சொல்லும். முன்சொல் தொழிலைச் சொல்லும். பள்ளிச் சிறுவனும் ஒருமுறை கேட்டால் மறவான்.

கத்தரித் தோட்டத்தோடு இது முடிந்துவிடவில்லை. வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல்தொழிற் பட்டைக்கும் இக்குடும்பத்திற்கும் பலரும் அறியாத தொடர்பொன்று உண்டு. தோல் பதனிடத் துவர்ப்பு வேண்டும். முற்காலத்தில் அதனைத் தந்தது இம்மண்ணின் ஆவாரம்பட்டை. பின்னர்ச் சீகைப்பட்டை வந்தது. ஆத்திரேலியச் சீகை மரங்கள் நீலமலையில் நட்டு வளர்க்கப்பட்டன. அம்மரங்களில் 1928-ஆம் ஆண்டளவில் பஞ்சுபோல் வெண்முட்டைப் பை சுமக்கும் செதிற்பூச்சி பரவி, சாற்றை உறிஞ்சிக் கிளைகளை வாட்டியது. அப்பூச்சிக்கு மாற்று முன்னரே அறியப்பட்டிருந்தது. கலிபோர்னியாவின் நாரத்தை, கிச்சிலித் தோட்டங்களை அதே பூச்சி அழித்தபோது, 1888-இல் கேபெலே என்பவர் ஆத்திரேலியாவினின்று சிறிய செந்நிறப் பொறிவண்டைத் தேடி அனுப்பினார். சில நூறு வண்டுகளினின்று பெருகிய படை அத்தோட்டங்களை மீட்டது. அவ்வண்டே 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீலமலைக்குக் கொணரப்பட்டுச் சீகையைக் காத்தது. ஆம்பூர்த் தொழிலாளி கையிற் பிடித்த தோலின் துவர்ப்புக்குப் பின்னே அரிசியளவேயான ஒரு செவ்வண்டின் உழைப்பும் இருந்திருக்கின்றது! இன்று குரோமிய உப்பு பெருவழக்காகி, சீகையும் மலைக்காட்டிற்கு ஆகாத அயன்மரம் என்று அகற்றப்படுகின்றது. ஆயினும் ஒரு வண்டைப் பெயர் சொல்லித் தேடிக் கண்டவர்களால் ஒரு தொழிலே காக்கப்பட்டது என்னும் உண்மை மாறாது.

அதே தோல் கிடங்கில் எதிர்மறையான சான்றும் உண்டு. பதனிடாத உலர்தோலைத் துளைத்துத் தின்னும் கருவண்டு ஒன்று உலகெங்கும் தோல் வாணிகர்க்குப் பகை. அதுவும் உறைச்சிறகியே; ஆயின் பொறிவண்டிற்கு மிகத் தொலைவான உறவு. அதன் பாதத்தில் ஐந்து கணுக்கள். அதன் புழு பழுப்பு நிறத்து மயிரடர்ந்தது. அதன் அறிவியற் பெயர் 'தெர்மேசுத்தீசு'. இக்கிரேக்கச் சொல்லின் பொருள் என்ன? தோல் தின்பது! கிரேக்கச் சொல்லால் உலகம் 'தோல்தின்னி' என்று பெயரிட்டு மகிழ்ந்தால் அது அறிவியலாம். தமிழன் அதையே தமிழில் 'தோல்தின்னி' என்றால் அது நாட்டுப்புறமாம்! இவ்வடிமை எண்ணமே நோய். மற்றவை அதன் குறிகள்.

இங்கு இரு மறுப்புகள் எழலாம். உலகமெங்கும் ஒரு பெயர் வேண்டாவா என்பது ஒன்று. வேண்டும். இலத்தீன் இருசொற்பெயர் அறிஞர்க்கிடையே பாலம். அதனை இடிக்கச் சொல்வார் யாருமில்லை. ஆனால் பாலம் இருப்பதனால் கரையிலுள்ள ஊரைக் காலி செய்வார் உண்டோ? ஆங்கிலர் இலத்தீன் பெயரையும் காத்தனர்; தம் வீட்டுப் பெயரையும் விட்டாரில்லை. தமிழர் மட்டும் வீட்டுப் பெயரைத் துறந்து நிற்றற்குக் கரணியம் என்ன?

எல்லாவற்றையும் தொல்காப்பியர் அன்றே சொல்லிவிட்டார் என்று அமைந்துவிடலாமே என்பது மற்றொன்று. இதுவும் தீது. தொல்காப்பியர் மரபியலில் நண்டையும் தும்பியையும் நாலறிவுயிர் என ஒன்றாக வைத்தார். இக்கால அறிவியலும் நண்டையும் வண்டையும் இணைகால் உயிர்கள் என்னும் ஒரே பெருந்தொகுதியில் வைக்கின்றது. இது வியப்பே. ஆயினும் எறும்பும் அத்தொகுதியதே. தொல்காப்பியரோ எறும்பை மூவறிவுயிர் என்றார். அவர் வகுத்தது புலனறிவு நோக்கிய பாகுபாடு; உறுப்பு நோக்கியதன்று. இரண்டையும் ஒன்றெனச் சொல்லி மார்தட்டுவது தொல்காப்பியர்க்குப் பெருமை சேர்க்காது. அவர் விட்டுச்சென்ற உண்மைச் செல்வம் வேறு. உயிர்களை உற்றுநோக்கி, ஓர் அளவுகோல் கொண்டு வரிசைப்படுத்தி, அதற்குத் தமிழிலேயே சொல் காணும் துணிவே அச்செல்வம். வெளிப்புறம் வன்மையுடையதைப் புறக்காழ் என்றும், உள்ளே வன்மையுடையதை அகக்காழ் என்றும் அவர் மரஞ்செடிகளைப் பிரித்தார். எலும்பு உள்ளிருக்கும் மாந்தன் உடலையும், வன்மை புறத்திருக்கும் வண்டின் உடலையும் விளக்க இதனினும் பொருந்திய சொல் எம்மொழியில் உண்டு? புறக்காழ் உடல், அகக்காழ் உடல் என்று ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் எழுதிவிட்டால், மாணவன் மனப்பாடம் செய்ய வேண்டியது எதுவுமில்லை.

வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என மலர்மேல் ஒலிக்கும் சிற்றுயிர்களுக்கு வேறு வேறு பெயர் வைத்திருந்த இனம் இது. அவ்வினத்தின் வழித்தோன்றல் இன்று எல்லாவற்றையும் பூச்சி என்று ஒரே சொல்லால் துடைத்துவிட்டு நிற்கின்றான். அவன் துடைத்தது சொல்லை மட்டுமன்று. பயிரைக் காக்கும் துணையையும் ஆகும்.

செய்ய வேண்டுவன பெரும்பொருள் வேண்டாத பணிகளே. தமிழாசிரியரும் உயிரியல் ஆசிரியரும் ஒரு காலைப்பொழுதில் மாணவரை அழைத்துக்கொண்டு பக்கத்துக் கத்தரித் தோட்டத்திற்குச் செல்க. இலையைப் புரட்டுக. மயிருடைய முதுகையும் பளபளக்கும் முதுகையும் அருகருகே வைத்துக் காட்டுக. மெல்லத் தொட்டால் கால்மூட்டிலிருந்து மஞ்சள் நிறக் கசப்புநீர் கசிவதையும், அது பறவைக்கு எதிரான படைக்கலம் என்பதையும் மாணவர் கண்டறிக. மஞ்சள் முட்டைக் குவியலையும் முட்புழுவையும் கையாற் பொறுக்கி அழித்தலும் வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தலும் நஞ்சிற்கு முன் செய்யத்தக்கன என்பதை உழவர்க்கு அவர்தம் பிள்ளைகளே எடுத்துரைக்க. ஊரார் வாயில் வழங்கும் பூச்சிப்பெயர்களை அம்மாணவரே தொகுக்க. துண்டறிக்கை எழுதுவோர் தமிழ்ப்பெயரை முதலில் பெரிதாகவும், இலத்தீன் பெயரை அடுத்துச் சிறிதாகவும் அச்சிடுக.

மேடையில் முழங்கும் தமிழ்ப்பற்று காற்றோடு போகும். கத்தரியிலையின் அடிப்புறத்தைப் புரட்டி, 'இது பேன்தின்னி, இதை விட்டுவிடு' என்று ஒரு சிறுமி தன் தந்தையின் கையைத் தடுப்பாளாயின், அன்று அந்தத் தோட்டத்தில் தமிழ் வாழும், பயிரும் வாழும்.